என் பெயரில் போன இங்கிலீஷ்

போன வியாழக்கிழமை காலை ஒரு இங்கிலாந்துக்காரர் என் பட்டறைக்கு வந்து, என் கையைப் பிடித்துக் குலுக்கி, உங்கள் இங்கிலீஷ் எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்றார்.

என் இங்கிலீஷ்!

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். மில் தொழிலாளி மகன். அரசுப் பள்ளியில் பத்தாவது. அதோடு சரி, நேராக லேத் மெஷின். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தைகளில் பாதி மெஷின் பாகங்களின் பெயர், மீதி கெட்ட வார்த்தை.

அப்படிப்பட்டவனை ஒரு வெள்ளைக்காரர் பாராட்டினால் துள்ளிக் குதித்திருக்க வேண்டாமா? நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திருடும்போது பிடிபட்டவன் மாதிரி.

ஏன் என்று சொல்கிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டுவீர்கள். திட்டுங்கள்.

தட்டாஞ்சாவடியில் என் பட்டறை. படகுகளுக்கு வேண்டிய ஸ்டீல் கீல் செய்கிறோம். கதவுக்குப் போடுகிறோமே, அதே கீல்தான். ஆனால் உப்புத் தண்ணீரில் துருப்பிடிக்கக் கூடாது, அலை அடித்தால் கழன்றுவிடக் கூடாது. ஆலன் என்கிற அந்த இங்கிலாந்துக்காரர் அங்கே ஒரு கடலோர ஊரில் படகு கட்டுகிறார். ஒன்பது வருடமாக எங்களிடம்தான் கீல் வாங்குகிறார். நேரில் வந்தது இதுதான் முதல் தடவை. அதுவரைக்கும் எல்லாமே மெயில்.

அந்த மெயில்களை எழுதியது மகேஸ்வரி.

மகேஸ்வரி எங்கள் பட்டறையில் தரம் பார்க்கிறவள். வில்லியனூர் பக்கம் விவசாயக் குடும்பம். பன்னிரண்டு வரைக்கும் தமிழ் மீடியம், பிறகு லாஸ்பேட்டையில் டிப்ளமோ. இரண்டு பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, ஒன்பது மணிக்கு ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, அளவுக் கருவியைக் கையில் எடுத்தால் சாயங்காலம் வரைக்கும் கீழே வைக்க மாட்டாள். ஆலனிடமிருந்து முதல் ஆர்டர் வந்தபோது, “இதுக்கு யாராவது பதில் போடுங்கப்பா” என்றேன். எல்லோரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். இவள் உட்கார்ந்தாள்.

கீழே பெயர் மட்டும் என்னுடையது. நான்தான் அப்படிப் போடச் சொன்னேன். “மொதலாளி பேர்ல போனாத்தான்மா ஒரு மதிப்பு இருக்கும்.” அவள் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பது வருடமாக நானும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. நன்றாகத் தூங்கினேன்.

அவள் மெயில் எப்படி இருக்கும்? “டியர் சார், ஐ ஆம் ஹேவிங் த்ரீ டவுட்ஸ்.” பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டுக் கேள்விகள். கூடவே பேப்பரில் கையால் ஒரு படம் வரைந்து, அதை ஃபோட்டோ எடுத்து அனுப்புவாள். கடைசியில், “ஐ ஆம் டெல்லிங் பேக். ப்ளீஸ் சீ அண்ட் டெல் யெஸ் ஆர் நோ.”

அது என்ன டெல்லிங் பேக்?

அது எங்கள் பட்டறைச் சட்டம். நான் போட்டது. பல வருடத்துக்கு முன்னால், தகடு அழுத்துகிற பிரஸ் மெஷினில் வேலை பார்த்த ஒருத்தனிடம் ஒரு வேலையை விளக்கிவிட்டு “புரிஞ்சுதா?” என்றேன். “சரி மொதலாளி” என்றான். புரியவில்லை அவனுக்கு. மத்தியானத்துக்குள் இரண்டு விரல் நுனி போய்விட்டது. அன்றைக்கு முடிவு பண்ணினேன், என் பட்டறையில் ‘சரி’ என்ற வார்த்தைக்கு இடமில்லை. நம் ஆட்களுக்கு அது ஒரு வியாதி. புரிந்தாலும் சரி, புரியாவிட்டாலும் சரி, தலையை ஆட்டிவிட்டு ‘சரி’ என்பார்கள். இங்கே அது செல்லாது. என்ன செய்யப் போகிறாய் என்று நீ திருப்பிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் மனப்பாடப் பாட்டை ஒப்பிக்கிற மாதிரி. “ஒப்பிச்சியா?” என்று கேட்போம். ஒப்பித்தால்தான் மெஷின் ஓடும்.

புதிதாக வருகிறவன் முதல் வாரம் சிரிப்பான். இரண்டாவது வாரம் ஒப்பிப்பான்.

மகேஸ்வரி இந்தச் சட்டத்தைக் கடல் தாண்டிக் கொண்டுபோய்விட்டாள். ஆலன் ஒன்று சொன்னால், அதை அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷில் அவருக்கே திருப்பி ஒப்பித்து, ஆமாவா இல்லையா என்று கேட்டுத்தான் கீழே வேலைக்கு அனுப்புவாள். ஒன்பது வருடத்தில் ஒரு கீல்கூடத் திரும்பி வந்ததில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வேலையை யார் கெடுப்பார்கள்? நான்தான்.

மூன்று மாதத்துக்கு முன்னால் பக்கத்துப் பட்டறை முதலாளி எங்கள் ஆபீஸுக்கு வந்தார். பிளாஸ்டிக் கம்பெனி வைத்திருக்கிறார், கோட்டெல்லாம் போடுவார். மேஜை மேல் மகேஸ்வரியின் மெயில் பிரிண்ட் ஒன்று கிடந்தது. எடுத்துப் படித்தார். தோள் குலுங்கச் சிரித்தார்.

“இன்னாய்யா இது? ஐ ஆம் டெல்லிங் பேக்கா? உன் பேர்லயே போயிருக்குது! லண்டன்காரன் படிச்சிட்டு உன்னப் பத்தி இன்னா நெனைப்பான்?”

மகேஸ்வரி பக்கத்து மேஜையில்தான் இருந்தாள். தலை நிமிரவில்லை.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? “போய்யா உன் வேலையைப் பார்த்துக்கிட்டு” என்று அந்தக் கோட்டைப் பிடித்து வெளியே தள்ளியிருக்க வேண்டும். ஊரில் என்னைக் கோபக்காரன் என்று சொல்கிறார்கள். தேவைப்படுகிற நேரத்தில் அந்தக் கோபம் எங்கே போய்த் தொலைகிறதோ தெரியவில்லை. அவரோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

அடுத்த வாரமே ரோஷனை வேலைக்குச் சேர்த்தேன். துபாயில் வளர்ந்தவன். கான்வென்ட். பிபிஏ. வாயைத் திறந்தால் இங்கிலீஷ் தண்ணீர் மாதிரி ஓடும். ஆபீஸ் நாற்காலியை அவனுக்குக் கொடுத்தேன். மகேஸ்வரியிடம், “நீ இனிமே தரம் பாக்கறதோட பேக்கிங்கையும் பாத்துக்க. மெயிலு தம்பி பாத்துக்கும்” என்றேன்.

அவள் மேஜையில் இருந்த பென்சில் டப்பாவை எடுத்துக்கொண்டு கீழே போனாள்.

ரோஷன் கெட்ட பையன் இல்லை. வந்த முதல் வாரமே என்னைக் கூப்பிட்டான்.

“சார், இந்த ஆலன் நெஜமாவே இங்கிலீஷ்காரருதானா?”

“ஏன், என்னா?”

“இதப் பாருங்க. ‘ஷுட் ஹேவ்’னு எழுத வேண்டிய எடத்துல ‘ஷுட் ஆஃப்’னு எழுதியிருக்காரு. ‘யூ ஆர்’ங்கறதுக்கு ‘யுவர்’னு போட்டிருக்காரு. நான் இப்பிடி எழுதியிருந்தா எங்க மிஸ் முட்டி போட வச்சிருப்பாங்க.”

எனக்குத் தலை சுற்றியது. இங்கிலீஷ்காரருக்கே இங்கிலீஷ் தப்பா?

பேக்கிங் கணக்கோடு மேலே வந்திருந்த மகேஸ்வரி குரல் கொடுத்தாள். “அவரு அப்பப்ப அப்பிடி எழுதுவாரு சார். நான் செய்யற தப்பு அவரு செய்ய மாட்டாரு. அவரு செய்யற தப்பு நான் செய்ய மாட்டேன்.”

“அது எப்பிடி?”

“எனக்கு என்னா தெரியும்? நான் பேக்கிங் பாக்கறவ.”

குத்தினாள். வாங்கிக்கொண்டேன்.

ஆனால் அந்தக் கேள்வி போகவில்லை. ஒரே மொழி. இரண்டு பேரும் தப்பு செய்கிறார்கள். ஏன் ஒரே தப்பைச் செய்வதில்லை?

பதில் நெல்லித்தோப்பில், நான் டீ குடிக்கிற கடையில் கிடைத்தது. அங்கே ஒரு ஐரோப்பியப் பெண் தினமும் வருகிறார். எங்கள் தெருவில் அறை எடுத்துத் தங்கித் தமிழ் படிக்கிறார். கையில் எப்போதும் நோட்டு. அன்றைக்கு எதிர்ச்சுவரில் ஒரு கல்யாண பேனர். ‘திருமண வரவேற்ப்பு’. அதைக் காட்டி டீ மாஸ்டரிடம் கேட்டார். “அண்ணா, இதில் ஏன் ஒரு ‘ப்’ அதிகமாக இருக்கிறது? என் புத்தகத்தில் ‘வரவேற்பு’ என்று இருக்கிறதே?”

கடையில் நாங்கள் ஆறு பேர். எல்லோரும் பிறந்ததிலிருந்து தமிழ் பேசுகிறவர்கள். ஒரு வாரமாக அந்த பேனருக்கு எதிரில் உட்கார்ந்துதான் டீ குடிக்கிறோம். ஒருத்தன் கண்ணிலும் படவில்லை!

மாஸ்டர், “அந்தப் பொண்ணு சொல்றது கரெக்டுதான்யா” என்று எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அப்போது தெருநாய் ஒன்று கடைக்குள் நுழைந்தது. அந்தப் பெண் சொன்னார்: “அண்ணா, நாய் வந்தார்.”

கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். “தப்பா? மரியாதையாகச் சொன்னேன்” என்றார்.

அங்கேதான் எனக்கு விளங்கியது. நமக்குத் தமிழ் காது வழியாக வந்தது. எழுத்து பிறகு, பள்ளிக்கூடத்தில் வந்தது. அதனால் வாய் எப்படிச் சொல்கிறதோ அப்படியே கை எழுதிவிடுகிறது. வாய் கொஞ்சம் அழுத்தினால் ஒரு ‘ப்’ கூடிவிடும். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் கண் வழியாக, புத்தகத்திலிருந்து வந்தது. எழுத்துத் தப்பு வராது. ஆனால் யாருக்கு ‘வந்தார்’, எதற்கு ‘வந்தது’? அதெல்லாம் இரண்டு வயதில், மாமாவை ‘வா’ என்று சொல்லி அம்மாவிடம் ஒரு கிள்ளு வாங்கிக் கற்றுக்கொள்கிற பாடம். புத்தகம் கிள்ளுமா?

ஆலன் கதையும் அதேதான். அவருக்கு இங்கிலீஷ் தாய் மடியில் கிடைத்தது. வேகமாகப் பேசினால் ‘ஹேவ்’வும் ‘ஆஃப்’பும் அவர் காதில் ஒன்று. காதில் விழுந்ததை எழுதுகிறார். மகேஸ்வரிக்கு இங்கிலீஷ் கரும்பலகையிலிருந்து வந்தது. அந்தத் தப்பு அவளுக்கு வரவே வராது. ஆனால் அவள் தலைக்குள் முதலில் எழுந்து நிற்பது தமிழ். எனக்கு சந்தேகம் ‘இருக்கிறது’. இருந்துகொண்டே இருக்கிறது! அதுதான் ‘ஐ ஆம் ஹேவிங்’ என்று வெளியே வருகிறது. எங்கள் தெருவில் பிரெஞ்சு ராணுவ பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். வீட்டில் பாதி பிரெஞ்சு. அவர் இங்கிலீஷ் பேசினால், “ஐ ஹேவ் செவன்ட்டி டூ இயர்ஸ்” என்பார். பிரெஞ்சில் வயதைச் சொத்து மாதிரி ‘வைத்திருக்க’ வேண்டுமாம்.

தப்பைப் பார்த்தால் போதும். ஆள் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தான் என்று தெரிந்துவிடும். அறிவு இருக்கிறதா இல்லையா என்பது தெரியாது. வாசல்தான் தெரியும்.

ஆனால் அநியாயத்தைப் பாருங்கள். வீட்டுக்காரன் தப்பாகப் பேசினால் அது பழக்கம். வெளியிலிருந்து வந்தவன் தப்பாகப் பேசினால் அவன் படிக்காதவன். யார் வைத்த நியாயம் இது? வெள்ளைக்காரனா வைத்தான்? ஆலன் ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. சிரித்தது கோட்டுக்காரர். கூடச் சிரித்தது நான்.

இவ்வளவு விளங்கிய பிறகு, மறுநாள் காலை மகேஸ்வரிக்கு நாற்காலியைத் திருப்பிக் கொடுத்திருப்பேன் என்று நினைப்பீர்கள். கிடையாது. டீக்கடையில் வருகிற ஞானம் டீக்கடையிலேயே தங்கிவிடும்.

ரோஷன் வந்து இரண்டு மாதம் கழித்து ஆலனிடமிருந்து புது ஆர்டர் வந்தது. புது மாதிரிப் படகு, அதன் மூடிக்குப் புதுக் கீல். ரோஷன் அழகாகப் பதில் போட்டான். “ஷ்யூர், நோ ப்ராப்ளம்” என்று தொடங்கி, நன்றி, வணக்கம், வானிலை எப்படி என்பது வரைக்கும். வேலைச் சீட்டு கீழே போனது.

அரை மணி நேரம் ஆகியும் மெஷின் சத்தம் வரவில்லை. இறங்கிப் போனேன். ஆபரேட்டர் சேகர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். பக்கத்தில் மகேஸ்வரி.

“ஏன்டா நிக்கற?”

“அக்கா ஒப்பிக்கச் சொல்லுது சார். எனக்கு ஒப்பிக்கத் தெரியல.”

“என்னாம்மா?”

மகேஸ்வரி சீட்டை நீட்டினாள். “ஓட்ட போட்டு, ஸ்குரு தலை உள்ள உக்கார்ற மாதிரி வாய அகலம் பண்ணணும் சார். எந்தப் பக்கம்? உள்பக்கமா, வெளிப்பக்கமா? சீட்டுல இல்ல. அவரு மெயில்லயும் இல்லயாம்.”

“எப்பவும் போடற பக்கம்தான் போடேன்.”

“இது புது மூடி சார். தம்பிகிட்ட கேட்டேன். ‘அதெல்லாம் அவங்களுக்குத் தெரியும்க்கா’ன்னுச்சு.”

“பின்ன என்னா? போடச் சொல்லு.”

“ஒப்பிக்காம மெஷின் ஓடக் கூடாது சார். நீங்க போட்ட சட்டம்.”

ஆட்கள் எல்லோரும் பார்க்கிறார்கள். என் சட்டத்தை என் முகத்திலேயே வீசுகிறாள். கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று இங்கே எழுத முடியாது. “உன் வேல பேக்கிங். அத மட்டும் பாரு” என்று முடித்துவிட்டு மேலே வந்துவிட்டேன்.

மத்தியானம் ரோஷன் சாப்பிடப் போன நேரத்தில், அவள் ஆபீஸில் உட்கார்ந்து ஆலனுக்கு மெயில் போட்டுவிட்டாள். படத்தோடு. ஒரே ஒரு டவுட். பழக்கத்தில் கீழே என் பெயர்.

சாயங்காலமே பதில் வந்தது. அதுவரைக்கும் சேகர் வேறு வேலை ஓட்டிக்கொண்டிருந்தான். நல்லவேளை கேட்டீர்கள், சொல்ல மறந்துவிட்டேன், இந்தத் தடவை எதிர்ப்பக்கம் என்று. எப்போதும் போடுகிற பக்கத்தில் போட்டிருந்தால் அவ்வளவு கீலும் பழைய இரும்புக்குத்தான் போயிருக்கும்.

அவள் காப்பாற்றிவிட்டாள். நியாயமாக அவளைக் கூப்பிட்டு நன்றி சொல்ல வேண்டும் இல்லையா? எனக்கு ஆத்திரம்தான் வந்தது. சொன்னதைக் கேட்கவில்லை என்கிற ஆத்திரம். அதைவிட, அவள் சொன்னது சரியாகப் போய்விட்டதே என்கிற ஆத்திரம். முதலாளிகளுக்கு இரண்டாவதுதான் ரொம்ப வலிக்கும்.

“இன்னொரு தடவ அந்த கம்ப்யூட்டர தொட்டினா பாத்துக்க...” என்றேன்.

“தொட மாட்டேன் சார். இந்த மாசத்தோட நின்னுக்கறேன்.” குரல் உயரவில்லை. “ஒம்போது வருசம் ஒங்க பேர்ல எழுதினேன். அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அன்னிக்கு அந்த ஆளு சிரிச்சப்ப நீங்களும் சிரிச்சீங்க பாருங்க... அது எம் பேரு இல்ல, ஒங்க பேரு. ஒங்க பேர பாத்து நீங்களே சிரிச்சீங்க.”

ரோஷன் ஸ்கிரீனைப் பார்க்கிற மாதிரி நடித்தான்.

இந்த நிலைமையில்தான் போன வியாழக்கிழமை ஆலன் வந்தார். மாதம் முடிய எட்டு நாள். வேறு வேலையாகச் சென்னை வந்தவர், அப்படியே இங்கேயும் எட்டிப் பார்த்தார். கட்டையான உருவம். உள்ளங்கை நம்ம சேகர் கை மாதிரி காய்த்துப் போயிருந்தது. அவர் பேசப் பேச ரோஷன் எனக்குத் தமிழில் சொன்னான்.

கையைக் குலுக்கி, உங்கள் இங்கிலீஷ் பிடிக்கும் என்று சொன்ன பிறகு, பையிலிருந்து ஒரு கட்டுப் பேப்பரை எடுத்தார். மகேஸ்வரியின் மெயில்கள். படத்தோடு. மூலையில் எண்ணெய் விரல் ரேகை, ஆணி அடித்த ஓட்டை.

“அவங்க பட்டறை சுவத்துல மாட்டி வச்சிருந்தாங்களாம் சார்” என்றான் ரோஷன். “அவங்ககிட்ட வேல செய்யறவங்கள்ல ஒருத்தர் போலந்து, ஒருத்தர் ருமேனியாவாம். இவரு இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்தா அவங்களுக்குப் புரியாதாம். உங்க மெயில்னா டக்குனு புரியுமாம்.”

ஆலன் இன்னும் ஏதோ சொன்னார். ரோஷன் தயங்கினான்.

“நடுவுல ரெண்டு மாசம் வேற யாரோ எழுதினாங்களாமே, அது ரொம்ப நல்ல இங்கிலீஷாம். தன்னோடதவிட நல்லா இருந்துச்சாம். ஆனா... படிச்சா என்ன செய்யணும்னு தெரியலயாம்.” ஒரு மூச்சு விட்டான். “‘உங்களுக்கு உடம்பு சரியில்லாம போச்சோன்னு பயந்தேன். இந்த மாசம் திரும்பவும் உங்க கேள்வி வந்ததும்தான் நிம்மதியாச்சு’ங்கறாரு சார்.”

ஒரு வார்த்தை விடாமல் சொன்னான், தன்னைப் பற்றிய குறையைத் தன் வாயாலேயே. அவன் மேல் எனக்கு மரியாதை வந்தது அந்த நிமிடத்தில்தான்.

நாலு அடி தள்ளி மகேஸ்வரி. கையில் புதுக் கீல்கள் அடுக்கிய தட்டு. அவளுக்கும் எல்லாம் கேட்டது. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேங்க் யூ என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆலன் சாயங்காலம் போய்விடுவார். எட்டு நாளில் இவளும் போய்விடுவாள். ‘சரி’ சொல்கிற மாதிரி சுலபம். தலையை ஆட்டினால் போதும். உண்மையைச் சொல்கிறேன், தலை பாதி ஆடிவிட்டது.

பிறகு வாய் திறந்தது. ரோஷனை மொழிபெயர்க்க விடவில்லை. என் இங்கிலீஷிலேயே சொன்னேன்.

“நோ சார். நாட் மீ. ஆல் மெயில் ஷீ ஈஸ் ரைட்டிங். நைன் இயர்ஸ். ஐ ஆம் ஒன்லி நேம்.”

அதில் எத்தனை தப்பு இருக்கிறது என்று ரோஷனுக்குத் தெரியும். அவன் சிரிக்கவில்லை. ஒருத்தரும் சிரிக்கவில்லை.

ஆலன் அவள் பக்கம் திரும்பினார். கையிலிருந்த பேப்பர்களை ஒரு தடவை பார்த்தார். பிறகு பெயர் கேட்டார். சொன்னாள். “மஹஸ்...” என்று தொடங்கி எங்கேயோ போய் மாட்டிக்கொண்டார். நம்ம ஆட்களாக இருந்தால், ‘பரவாயில்ல சார், மகேஷ்னே கூப்புடுங்க’ என்று பெயரைப் பாதியாக வெட்டிக் கையில் கொடுத்துவிடுவார்கள். அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

“டெல் பேக், சார்” என்றாள்.

சேகர் பின்னாலிருந்து, “ஒப்பிக்கச் சொல்லுது டோய்!” என்றான். பட்டறையே சிரித்தது. ஆலனுக்கு விளங்கியது. ஒப்பித்தார். தப்பு. திரும்ப ஒப்பித்தார். நாலாவது தடவை சரியாக வந்தது. சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, அவளிடமே கொடுத்து எழுதி வாங்கிக்கொண்டார்.

டீ குடிக்கும்போது அவராகவே சொன்னார். பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவராம். எழுதுவதென்றால் இன்றைக்கும் பயமாம். காதில் விழுகிறபடி எழுதிவிட்டு, ஆபீஸில் இருக்கிற பெண் திருத்தட்டும் என்று விட்டுவிடுவாராம். அவள் லீவு போட்ட நாளில் திருத்தாமலே போய்விடுமாம். “எங்கள் ஊரில் என் எழுத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள்” என்றார்.

பாருங்கள், அங்கேயும் ஒரு கோட்டுக்காரர் இருக்கிறார்.

சனிக்கிழமை மகேஸ்வரியைக் கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. நாற்காலியை இழுத்துப் போட்டேன். “உக்காரும்மா.”

நின்றுகொண்டே இருந்தாள்.

“மாசக் கடைசின்னு சொன்னியே...”

“ஆமா சார்.”

“நிக்காத. தப்பு எம்மேலதான்.”

சொல்லிவிட்டேன்! ஜன்னலைப் பார்த்துத்தான் சொன்னேன். ஆனாலும் சொல்லிவிட்டேன்.

“மெயிலு யாரு பேர்ல போவும்?”

“ஒம் பேர்ல.”

“தம்பி?”

“நீ சொல்லு.”

யோசித்தாள். “தம்பி கீழ ஒரு மாசம் மெஷின் பாக்கட்டும் சார். கீல்னா என்னான்னு தெரிஞ்சிக்கட்டும். அப்புறம் பக்கத்துல உக்காரட்டும். எனக்கு எங்க ‘தி’ போடணும்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அது சொல்லட்டும். எத கேக்கணும்னு நான் சொல்றேன்.”

ரோஷன் வாசலில்தான் நின்றிருந்தான். “சரிக்கா” என்றான்.

“என்னாது?”

அவசரமாகத் திருத்திக்கொண்டான். “ஒரு மாசம் மெஷின்ல நிக்கணும். அப்புறம் உங்க பக்கத்துல உக்காந்து ‘தி’ போடணும்.”

அப்புறம்தான் அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை அவள் பெயரிலேயே முதல் மெயில் போனது. வழக்கம்போல ‘ஐ ஆம் ஹேவிங் டூ டவுட்ஸ்’. ரோஷன் திருத்த வந்தானாம். “அத விடு தம்பி, அது அவருக்குப் பழகிடுச்சி” என்றாளாம்.

நேற்று பதில் வந்தது. ஆபீஸ் பெண் லீவு போல. மூன்று வரி, நாலு தப்பு. அவள் பெயரில் மட்டும் ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை.